இரண்டு வகுப்பில் ஒரு ஜெமிமா

திருத்தணி
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

ஜெமிமாவுக்கு,

‘அன்புள்ள’ போடவில்லை. போட மனசு வரவில்லை.

இன்று சர்ச் முடிந்து வந்து அம்மா உன்னோடு வீடியோவில் பேசினாள் இல்லையா, அப்போது நான் பின்னால் பீரோவைக் குடைந்துகொண்டு நின்றேன். சட்டை ஒன்றும் தேடவில்லை. உன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் நின்றேன். பேச ஆரம்பித்தால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வரும், அம்மா நடுவில் உட்கார்ந்து கண்ணைத் துடைப்பாள். அதனால்தான் மெயில். அம்மாவுக்கு மெயில் பார்க்கத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இ-சேவை மையம் வைத்து, ஆர்.கே.பேட்டையிலிருந்து கே.ஜி.கண்டிகை வரைக்கும் எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் நீட்டுக்கும் கவுன்சிலிங்குக்கும் அப்ளிகேஷன் போடுகிறவன் நான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று டாக்டர் படிப்பில் ஏழரை சதவீதம் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். நீ ஆறாவதிலிருந்து நம்ம ஊர் அரசுப் பள்ளி. இன்னும் இரண்டே வகுப்பு. அதை விட்டுவிட்டு, எவனோ ஸ்காலர்ஷிப் கொடுக்கிறான், ஒரு வருஷம் ஜெர்மனியில் பள்ளிக்கூடம் என்று மூட்டை கட்டினாய். வேண்டாம் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். நான் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அம்மாவிடம் கையெழுத்து வாங்கினாய். லாரியில் நெல்லூர் போயிருந்த நைனாவுக்குப் போன் போட்டு அவரையும் தலையாட்ட வைத்தாய்.

ஏழரை என்றால் ஊரில் சனி என்பார்கள். நமக்கு அதுதான் வாசல். அதை நீயே சாத்திவிட்டுப் போனாய்.

போனது போகட்டும். வருஷமாவது வீணாகக் கூடாது என்று ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். அப்புறம் சொல்கிறேன்.

பென்சன்

*

ஓல்டன்பர்க், ஜெர்மனி
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

நான் ‘அன்புள்ள’ போடுவேன். உனக்குப் பிடிக்காவிட்டாலும் போடுவேன்.

நீ பீரோவைக் குடைந்தது தெரிந்தது. உன் முதுகைப் பார்த்தே எவ்வளவு கோபம் என்று சொல்லிவிடலாம். மே மாதத்திலிருந்து அந்த முதுகைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏர்போர்ட்டில்கூட நைனாதான் பெட்டியைத் தூக்கினார்.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்கிறேன். உன்னிடம் நிஜம் சொல்லலாம். வகுப்பில் பாதி புரியவில்லை. முதல் வாரம் இடைவேளையில் கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மா உல்ரிக்கே நல்லவர். ஆனால் ராத்திரிக்கு அடுப்பே பற்றவைப்பதில்லை. ஆறின ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய். ரசத்தை நினைத்துக்கொண்டே அதைத் தின்கிறேன். மழையில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போகிறேன்.

ஆனாலும் வந்தது தப்பு என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இங்கே உயிரியல் வகுப்பில் மாட்டின் இதயத்தைக் கையில் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். எல்லாரும் முகம் சுளித்தார்கள். நான்தான் முதலில் வெட்டினேன். பள்ளி ஆலோசகர், “எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் இந்த ஒரு வருஷம் உனக்குப் பெரிய பலம்” என்கிறார்.

உன் ஏற்பாடு என்ன? நீ ‘ஏற்பாடு’ என்று எழுதினாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜெமி

*

திருத்தணி
5 அக்டோபர் 2025

ஜெமிமாவுக்கு,

பலமாம் பலம்! அங்கே உன் வருஷம் மெடல். இங்கே அது ஓட்டை. நம்ம ஊர் கவுன்சிலிங்கில் மாட்டு இதயம் வெட்டினாயா என்று எவனும் கேட்க மாட்டான். பதினொன்றாவது எங்கே படித்தாய், சான்றிதழ் எங்கே என்றுதான் கேட்பான்.

அந்த ஓட்டையைத்தான் அடைத்திருக்கிறேன். கேட்டுக்கொள். கனகம்மாசத்திரம் போகிற வழியில் ஒரு தனியார் பள்ளி இருக்கிறதே, அங்கே ஆபீசில் நம்ம தணிகைவேல் இருக்கிறான். உன் டி.சி.யையும் பத்தாவது மார்க் ஷீட்டையும் கொடுத்து, பிளஸ் ஒன்னில் உன்னைச் சேர்த்தாயிற்று. தினமும் உனக்கு வருகை விழுகிறது. இந்த வருஷத்திலிருந்து பிளஸ் ஒன் பொதுத் தேர்வும் இல்லை. பள்ளிப் பரீட்சைதான், அதை அவன் பார்த்துக்கொள்வான். நீ திரும்பி வந்ததும் நேராகப் பன்னிரண்டாவது. ஒரு வருஷமும் போகாது.

தனியார் பள்ளி என்றால் ஏழரை போய்விடுமே என்று கேட்பாய். அதுதான் நீ விமானம் ஏறின அன்றைக்கே போயிற்றே. போன மாட்டுக்குப் புல் எதற்கு?

“எங்க ஜெமிக்கினு கேட்டா நான் மாட்டேன்னு சொல்லுவனா பென்சா? அது நம்ம வூட்டுப் பொண்ணு”ன்னு சொல்லித்தான் தணிகைவேல் செய்தான். அவன் முதலாளிக்குப் பயந்துகொண்டு செய்தான். அம்மாவிடம் மூச்சு விடாதே. ஒரு நன்றி சொன்னால் போதும்.

பென்சன்

*

ஓல்டன்பர்க்
6 அக்டோபர் 2025

அண்ணா,

ஐயோ, என்ன காரியம் செய்தாய்!

நான் நேராகப் பன்னிரண்டாவதுக்கு வருவதாக யார் சொன்னது? நம்ம பள்ளியிலேயே மறுபடி பிளஸ் ஒன் உட்காருவது என்றுதான் முடிவு செய்துவிட்டு வந்தேன். ஒரு வருஷம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும், அவ்வளவுதானே. புறப்படும் முன் ஹெச்.எம். ஷோபனா மேடத்திடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

“ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் எல்லா வகுப்பும் கவர்மெண்டு ஸ்கூல்ல படிச்சிருக்கணும், அவ்ளோதாம்மா. நடுவுல ஒரு வருஷம் நீ எந்த ஊர்ல சுத்திகினு இருந்தா எனக்கென்ன? அத வகுப்பு கணக்குலயே காட்டாத. வந்து நம்ம பிளஸ் ஒன்ல உக்காரு. ஆனா வேற எந்த ஸ்கூல்லயும் பேர மட்டும் குடுத்துடாத.”

வேறு எந்தப் பள்ளியிலும் பெயரைக் கொடுத்துவிடாதே என்றார். நீ கொடுத்துவிட்டாய்.

ஏழரை போகவில்லை அண்ணா. நான் விமானம் ஏறினபோது போகவில்லை. நீ என் டி.சி.யை எடுத்துக்கொண்டு கனகம்மாசத்திரம் பஸ் ஏறினபோதுதான் போயிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே! மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். நீ கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ‘ஊருக்கே அப்ளிகேஷன் போடுகிறவனுக்குத் தெரியாததா’ என்று எனக்கும் வீம்பு.

உடனே என் பெயரை அங்கிருந்து எடுக்கச் சொல். இன்றைக்கே.

ஜெமி

*

திருத்தணி
19 அக்டோபர் 2025

ஜெமி,

உன் மெயிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் விதியை எடுத்துப் படித்தேன். நூறு பிள்ளைக்கு மேல் அப்ளிகேஷன் போட்டிருக்கிறேன், ஒரு பிள்ளைகூட நடுவில் வெளிநாடு போய் வந்ததில்லை. அதனால் அப்படி யோசிக்கத் தோன்றவேயில்லை. மேடம் சொன்னது சரியாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

தணிகைவேலிடம் போனேன். தீபாவளி அவசரத்தில் இருந்தான். பெயரை எடுத்துவிடு என்றதும் முகம் செத்துப்போயிற்று.

“இன்னா பென்சா, வெளையாடுறியா? கவர்மெண்டு கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. இப்ப எடுக்கணும்னா இன்னா காரணம்னு கேப்பாங்க. வராத பொண்ணுக்கு வந்துகினு இருக்குதுனு போட்டவன் எவன்டானு கரஸ்பாண்டெண்ட் என் கழுத்தைப் புடிப்பாரு. என் பொண்டாட்டிக்கு இது அஞ்சாவது மாசம்டா.”

அவன் நம்ம வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவன். அவனை மாட்டிவிட முடியாது.

ஒன்று செய்யலாம். ஏழரையை மறந்துவிடு. வந்ததும் உன்னை நல்ல கோச்சிங்கில் சேர்க்கிறேன். திருப்பதியிலோ மெட்ராசிலோ. பொதுவிலேயே அடித்து வா. நீ கெட்டிக்காரி.

அண்ணன்

*

ஓல்டன்பர்க்
2 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

கெட்டிக்காரி என்று சொல்லி என்னைக் கிணற்றில் தள்ளாதே. என் அளவு எனக்குத் தெரியும். ஏழரையில் நின்றால் நான் டாக்டர் ஆகலாம். பொதுவில் நின்றால், பிறந்ததிலிருந்து கோச்சிங் போன பிள்ளைகளோடு நிற்க வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் வார்டு கழுவுகிற நேரத்தில் வெளி வராந்தாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினவள் நான். அங்கே வெள்ளைக் கோட்டோடு நடக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. வேறு எதுவும் வேண்டாம். ஜெர்மனியும் வேண்டாம்.

இன்னொன்று நீ யோசிக்கவில்லை. இது ஏழரையோடு முடியாது. இங்கே பள்ளியில் செப்டம்பரிலிருந்து நான் வருகிறேன் என்று பதிவு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது. அதே நாட்களில் கனகம்மாசத்திரத்திலும் நான் வகுப்பில் இருக்கிறேன்! ஒரே பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் எப்படி இருந்தாள் என்று என்றைக்காவது ஒருவன் கேட்பான். படித்து முடிக்கிற வருஷத்தில்கூடக் கேட்கலாம். பொய்ச் சான்றிதழ் என்று கொடுத்த சீட்டையும் பிடுங்கிக்கொள்வான்.

நீயே எழுதிக் கொடு, அண்ணா. தணிகைவேல் பெயர் வேண்டாம். ‘என் தங்கை அங்கே ஒரு நாளும் படிக்கவில்லை, நான்தான் தவறாகச் சேர்த்தேன்’ என்று ஒரே வரி. கிறிஸ்துமஸுக்குள் எழுதிக் கொடு.

ஜெமி

*

திருத்தணி
30 நவம்பர் 2025

ஜெமி,

விடாத மழை. கடைக்குள் தண்ணீர் வந்து பிரிண்டரை மேஜை மேல் ஏற்றி வைத்திருக்கிறேன்.

ஒரே வரி என்கிறாய். அந்த ஒரு வரியில் என் கடையும் இருக்கிறது. இந்த மையத்துக்கு அரசாங்கம் கொடுத்த ஐ.டி.யில்தான் ஓடுகிறேன். பொய்யாக அப்ளிகேஷன் போட்டேன் என்று நானே எழுதினால் ஐ.டி.யைப் பிடுங்குவார்கள். ஊர் என்ன சொல்லும்? ‘தங்கச்சிக்கே பொய் போட்டவன், நமக்கு என்னென்ன போட்டிருப்பானோ’ என்பார்கள். எட்டு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

காலாண்டில் உனக்கு உயிரியலில் தொண்ணூறு போட்டிருக்கிறானாம் தணிகைவேல். “நம்ம பொண்ணு ஆச்சே, கொறச்சு போட மனசு வர்ல”ன்னான். சிரித்துவிட்டேன். அப்புறம் ராத்திரி சோறு இறங்கவில்லை.

கொஞ்சம் பொறு. நீ வா, உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம். அதுவரைக்கும் நீயாக ஒன்றும் செய்துவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். அம்மா மோப்பம் பிடித்துவிட்டாள். “இன்னாடா, தங்கச்சி பேர எடுத்தாலே மூஞ்சி மாறுது?” என்கிறாள்.

அண்ணன்

*

ஓல்டன்பர்க்
28 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

கிறிஸ்துமஸ் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

நான் வருகிறவரைக்கும் பொறுத்தால் வருஷமே முடிந்து, பதினொன்றாவது பாஸ் என்று அவர்கள் சான்றிதழே அடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் எந்த வாயால் இல்லை என்பது?

நேற்று ஷோபனா மேடத்துக்கு எல்லாவற்றையும் என் கையால் எழுதி, படமெடுத்து மெயிலில் அனுப்பிவிட்டேன். இங்கே பள்ளியில் வாங்கின வருகைச் சான்றும் வைத்தேன். என் அண்ணன் பென்சன் எனக்குத் தெரியாமல் சேர்த்தான் என்று எழுதினேன். தணிகைவேல் அண்ணன் பெயரை எழுதவில்லை. உன் பெயரை எழுதாமல் முடியவில்லை. எழுதி, அழித்து, எழுதி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு உல்ரிக்கே மடியில் விழுந்து அழுதேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். ஜெர்மனில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. தமிழிலேயே சொன்னேன். பாவம், புரிந்த மாதிரி தலையாட்டினார்.

நீ என்னைத் திட்டலாம். ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே அண்ணா.

ஜெமி

*

திருத்தணி
18 ஜனவரி 2026

ஜெமிமாவுக்கு,

திருப்தியா?

புத்தாண்டுப் படித் திருவிழாக் கூட்டம் இன்னும் மலையிலிருந்து இறங்கி முடியவில்லை, அதற்குள் உன் எழுத்து மேடம் கையிலிருந்து கல்வி அலுவலகத்துக்குப் போயிற்று. பொங்கலுக்கு முன்னாலேயே விசாரணை. கடையில் வரிசை நிற்கும்போது இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் நின்றவர்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. ஐ.டி. போயிற்று. போர்டை நானே ஏணி போட்டுக் கழற்றினேன். நீ பெயர் எழுதாவிட்டால் தணிகைவேல் தப்பிவிடுவானா? அந்த ஆபீசில் கம்ப்யூட்டரைத் தொடுகிறவன் அவன் ஒருவன்தானே! அவனையும் அனுப்பிவிட்டார்கள். பொண்டாட்டி பிரசவத்துக்கு அம்மா வீடு போயிருக்கிறாள், அவளுக்கு இன்னும் தெரியாது.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. “செஞ்சவனும் என் வயித்துல பொறந்தவன், எழுதினவளும் என் வயித்துல பொறந்தவ. நான் யாருக்குனு ஜெபம் பண்றது?” என்று முழங்கால் போட்டுக்கொண்டே கேட்டாள். நைனா அன்றைக்கே லாரி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உனக்காகத்தானடி செய்தேன்! முட்டாள்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உனக்காகச் செய்தேன். அந்நியன்கூட இப்படிக் காட்டிக் கொடுக்க மாட்டான்.

இனி எழுதாதே.

பென்சன்

*

ஓல்டன்பர்க்
8 பிப்ரவரி 2026

அன்புள்ள அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நீ செய்தது எனக்காக என்று எனக்குத் தெரியாதா? அதனால்தானே எழுத அவ்வளவு நாள் எடுத்தது. வேறு யாராவது செய்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் இப்போது பீரோ மட்டும்தான் தெரிகிறது. அதன் முன்னால் நீ இல்லை.

ஜெமி

*

ஓல்டன்பர்க்
29 மார்ச் 2026, குருத்தோலை ஞாயிறு

அண்ணா,

தணிகைவேல் அண்ணனுக்குப் பெண் குழந்தை என்று அம்மா சொன்னாள். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். சொல்ல மாட்டாய். வந்து நானே கேட்கிறேன், அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

என் பெயரை நீக்கினார்களா இல்லையா என்று அம்மாவைக் கேட்டால், “ஆங், அதெல்லாம் நடக்குது” என்று பேச்சை மாற்றுகிறாள். மேடமும் “விசாரணை முடியட்டும்மா” என்று ஒரு வரிதான் எழுதினார். ஒன்றுமே தெரியாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ‘நீக்கியாச்சு’ அல்லது ‘நீக்கலை’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதேன். கோபத்தோடேயே எழுது.

ஜெமி

*

திருத்தணி
14 ஜூன் 2026

ஜெமி,

நீக்கியாச்சு. ஏப்ரலிலேயே ஆயிற்று. எழுதவில்லை. எழுத வரவில்லை.

இப்போது பள்ளி திறந்தாயிற்று, அதனால் எழுதியே ஆக வேண்டும். போன வாரம் ஷோபனா மேடத்தைப் பார்த்து நம்ம பள்ளியில் உன்னைப் பிளஸ் ஒன்னில் சேர்த்துவிட்டேன். நீ ஜூலையில் வருவதற்கு மேடமே அனுமதி வாங்கியிருக்கிறார். “மேடம், ஏழரைக்கு இனிமே ஒண்ணும் பிரச்சனை வராதே?” என்று கேட்டேன். “எனக்குத் தெரிஞ்சு வராது தம்பி. ஆனா முடிவு பண்றது மேல இருக்கிறவங்க. நான் சத்தியம் பண்ண முடியாது. புள்ளைய ஒழுங்கா படிக்கச் சொல்லு” என்றார். கடையில் நானாக இருந்திருந்தால், ‘கண்டிப்பாக் கிடைக்கும், பயப்படாதீங்க’ என்று சொல்லி அனுப்பியிருப்பேன். மேடம் சொன்னதுதான் சரி.

இப்போது ஜெராக்சும் லேமினேஷனும் மட்டும்தான். தணிகைவேலும் என்னோடுதான் இருக்கிறான். தினம் காலையில் உன்னைத் திட்டிவிட்டுத்தான் மிஷினைப் போடுகிறான். திட்டி முடித்து, “அது எப்ப வர்துடா?” என்று கேட்கிறான்.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்லவில்லை. ஜனவரியில் விசாரணைக்கு முந்தின நாள் அந்தப் பள்ளிக் கரஸ்பாண்டெண்ட் காரில் கடைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “தம்பி, ஒண்ணுமில்ல. எங்க பாப்பா ஆகஸ்ட் வரைக்கும் இங்கதான் படிச்சுது, அப்புறம்தான் வெளிநாடு போச்சு, சின்னப் பொண்ணு புரியாம ஏதோ எழுதிடுச்சுனு ஒரு பேப்பர் குடு. உன் கடையும் நிக்கும், தணிகைவேலும் நிப்பான். மத்தத நான் பாத்துக்கறேன்” என்றார். மறுநாள் தணிகைவேல் என் கூடவே வந்து கல்வி ஆபீஸ் வாசலில் நின்றான். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உள்ளே அந்த அதிகாரி உன் எழுத்தை என் முன்னால் வைத்தார். “உங்க தங்கச்சி எழுதினது உண்மையா?” என்று கேட்டார். உன் கையெழுத்தைப் பார்த்தேன். அத்தனை கோபம் எனக்கு. கிழித்துப் போட்டுவிடலாம் போல இருந்தது.

“ஆங், உண்மைங்க சார்”னு சொல்லிட்டேன்.

கடை போன பிறகு, இதை மறைத்துத்தான் அந்த ஜனவரி மெயிலை எழுதினேன்.

ஏர்போர்ட்டுக்கு நைனா வரமாட்டார், விஜயவாடா லோடு இருக்கிறது. நான்தான் வருவேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இருக்கிறது. ஊர் வந்து சேர்கிறவரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நீ பேசிக்கொண்டு வா.

அண்ணன்